மொபைல் ஆப்பில் இரண்டாம் காரணி: கைரேகை, ஓடிபி, பாஸ்கீ இவற்றில் எதை எங்கே வைப்பது?

கேள்வி: கயல்

பணம் அனுப்பும் வசதி உள்ள மொபைல் ஆப். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் இருக்கிறது. இப்போதைய லாகின் இப்படி: பயனர் பெயர், பாஸ்வேர்டு, பிறகு எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க ஓடிபி. உள்ளே வந்ததும் 90 நாள் ஆயுளுள்ள, பாஸ்வேர்டு கேட்காமல் மறுபடி உள்ளே விடும் ரெஃப்ரெஷ் டோக்கனைப் போனில் சேமித்துவிடுகிறோம். அடுத்த முறை ஆப்பைத் திறந்தால் கைரேகையோ முகமோ கேட்கும். பொருந்திவிட்டது என்று போன் சொன்னால், சேமித்த டோக்கனை எடுத்துக்கொண்டு நேரே கணக்குப் பக்கத்துக்குப் போய்விடும்.

பாதுகாப்புத் தணிக்கையில் மூன்று குறைகள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, ரூட் செய்த (முழு நிர்வாக உரிமை திறந்த) போனில், ஓடும் ஆப்பை இடைமறித்து மாற்றும் ஃப்ரீடா என்ற கருவியை வைத்துக் கைரேகைத் திரையைத் தாண்டிவிட முடிகிறது. இரண்டு, எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் சான்றாக, அதாவது இரண்டாம் காரணியாக, வைத்திருக்கிறோம். மூன்று, ஓடிபி சரிபார்க்கும் இடத்தில் 5 முறை தவறினால் 15 நிமிடம் பூட்டுகிறோம். அந்த வரம்பு போதாது என்கிறார்கள். கடைசிக் குறைதான் எனக்குப் புரியவில்லை. 10 லட்சம் சாத்தியங்களில் 5 முயற்சி என்றால் போதாதா?

தெரிந்துகொள்ள வேண்டியவை:

கைரேகையும் போனும் சேர்ந்தால் இரண்டு காரணிகள் என்று கணக்கிடலாமா? அடிக்கடி மாறும் ஓடிபியைக் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்பும் நம் ஆப்பும் ஒரே போனில் இருந்தால் அது உண்மையில் இரண்டாவது காரணிதானா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு பாஸ்கீக்கே (பாஸ்வேர்டுக்குப் பதில் சாதனத்தில் இருக்கும் சாவியால் உள்ளே வரும் முறை) போய்விடலாமா? போனைத் தொலைத்தவர் எப்படித் திரும்ப உள்ளே வருவார்?

---

பதில்: மறைசாவி

கைரேகையிலிருந்து தொடங்குகிறேன். தணிக்கையில் வந்த முதல் குறைக்கு மருந்து ரூட் கண்டறிதல் அல்ல. அதைச் சேர்த்துவிட்டுக் குறையை மூடிவிட வேண்டாம்.

உங்கள் ஆப்பில் நடப்பது இது. பயோமெட்ரிக் திரையைக் காட்டுகிறீர்கள். "வெற்றி" என்ற அழைப்பு திரும்பி வருகிறது. உடனே டோக்கனை எடுக்கிறீர்கள். அந்த "வெற்றி" வெறும் ஆம்/இல்லை பதில். அது வந்து சேர்வது உங்கள் ஆப்பின் நினைவகத்துக்குள். ஃப்ரீடா செய்வதெல்லாம் அந்த வெற்றி அழைப்பைத் தானே கூப்பிடுவதுதான். விரலே வைக்காமல் கதவு திறந்துவிடும், ஏனென்றால் டோக்கனுக்கும் விரலுக்கும் நடுவே எந்தக் கணிதப் பிணைப்பும் இல்லை. ஐஓஎஸ்ஸில் கைரேகை, முகத்தைக் கேட்கும் எல்ஏகான்டெக்ஸ்டின் "எவால்யுவேட் பாலிசி" தரும் பதிலை மட்டும் நம்பினாலும் இதே ஓட்டைதான்.

பிணைப்பு வேண்டுமென்றால் சாவி வேண்டும். ஆண்ட்ராய்டு கீஸ்டோர் என்ற சாவிப் பெட்டகத்துக்குள் பி-256 நீள்வட்டச் சாவி (டிஜிட்டல் கையொப்பமிடும் சாவி) ஒன்றை உருவாக்குங்கள். உருவாக்கும்போதே "பயனர் உறுதிப்பாடு தேவை" என்பதை ஆன் செய்து, செல்லுபடி நேரத்தை 0 என்று வையுங்கள். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக விரல் வைக்க வேண்டும் என்பது இதன் பொருள். பயோமெட்ரிக் வகை "ஸ்ட்ராங்" மட்டும். பயோமெட்ரிக் ப்ராம்ப்ட்டைக் கூப்பிடும்போது கிரிப்டோஆப்ஜெக்ட்டில் இந்தக் கையொப்பப் பொருளைக் கட்டாயம் கொடுங்கள். கைரேகையைச் சரிபார்த்த பாதுகாப்புப் பகுதி, சாவியை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதிக்குத் தன் எச்மேக் (ரகசியச் சாவியால் போடும்) முத்திரையிட்ட சான்று ஒன்றைத் தரும். அது இல்லாமல் சாவி கையொப்பமிடாது. ஃப்ரீடா வெற்றி அழைப்பைப் போலியாகக் கூப்பிட்டாலும் கையொப்பம் கிடைக்காது. கிடைப்பது பிழைச் செய்திதான்.

முழு ஓட்டம் இப்படி வரும்:

1. பதிவு: பயனர் பாஸ்வேர்டையும் இன்னொரு காரணியையும் சரியாகக் கொடுத்த அதே அமர்வில், சர்வர் 32 பைட் சீரற்ற சவால் (கையொப்பமிட்டுத் திருப்ப வேண்டிய தரவு) ஒன்றை அனுப்புகிறது. ஆப் சாவியை உருவாக்கும்போது அந்தச் சவாலைச் சான்றளிப்புச் சவாலாகக் கொடுக்கிறது. சாவி எங்கே உருவானது என்று காட்டும் சான்றிதழ்ச் சங்கிலி கிடைக்கும்; அது சர்வருக்குப் போகிறது.

2. சர்வர் அந்தச் சங்கிலியை கூகுளின் வேர்ச் சான்றிதழ் வரை சரிபார்க்கிறது. ரத்துப் பட்டியலையும் பார்க்கிறது. சவால் பொருந்துகிறதா, சாவி மென்பொருளில் இருக்கிறதா அல்லது டிஇஇ, ஸ்ட்ராங்பாக்ஸ் போன்ற தனித்த பாதுகாப்பு வன்பொருளில் இருக்கிறதா, பூட்லோடர் (போனைத் தொடங்கி வைக்கும் நிரல்) பூட்டப்பட்டிருக்கிறதா என்ற மூன்றும் அந்தச் சான்றிதழுக்குள்ளேயே இருக்கும். எல்லாம் சரியென்றால் பொதுச்சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்கும் இணைச் சாவி) பயனர் கணக்கோடு சேமிக்கிறது.

3. ஒவ்வொரு லாகினுக்கும் புதிய சவால். ஒருமுறைதான் செல்லும், ஆயுள் 60 விநாடி போதும். விரல் வைத்ததும் சாவி சவாலைக் கையொப்பமிடுகிறது, சர்வர் பொதுச்சாவியால் சரிபார்க்கிறது.

4. பணம் அனுப்பும்போது சவாலோடு தொகை, பெறுநர் கணக்கு இரண்டையும் சேர்த்துக் கையொப்பமிடுங்கள். வழியில் யாராவது தொகையை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது.

இனி எங்கே உடையும் என்று பார்க்கலாம். புதிய கைரேகை ஒன்றைப் போனில் சேர்த்தால் இந்தச் சாவி நிரந்தரமாகச் செல்லாததாகிவிடும். அது இயல்பு அமைப்பு, அதை அணைக்காதீர்கள். போனின் பின் எண்ணை எட்டிப் பார்த்தவர் தன் விரலைச் சேர்த்துக்கொண்டு உங்கள் ஆப்புக்குள் நுழைவதைத் தடுப்பது இதுதான். அந்தப் பிழை வந்ததும் சத்தமில்லாமல் புதிய சாவியை உருவாக்கிக்கொள்ளும் ஆப்களும் உண்டு. அப்படிச் செய்தால் தடுப்பு முழுவதும் வீண். பாஸ்வேர்டும் இன்னொரு காரணியும் கேட்டு முதலிலிருந்து பதிவு செய்ய வையுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கைரேகைக்குப் பதில் திரைப்பூட்டுப் பின்னும் போதும் என்று சாவியில் அனுமதி கொடுத்துவிட்டால், புதிய விரல் சேர்த்தாலும் சாவி செல்லாததாகாது.

எல்லா முகத் திறப்பும் "ஸ்ட்ராங்" அல்ல. ஆண்ட்ராய்டில் "ஸ்ட்ராங்" எனப்படும் மூன்றாம் வகுப்பு என்றால் தவறாக ஏற்பது 50,000-க்கு 1-க்கு மிகாமலும், போலி விரல், போலி முகத்தை ஏற்பது 7 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சாதாரணக் கேமராவை மட்டும் வைத்து முகம் பார்க்கும் பல போன்கள் அதற்குக் கீழேதான் நிற்கும்; அவற்றால் கீஸ்டோர் சாவியைத் திறக்க முடியாது. திரையைக் காட்டும் முன்பே ஸ்ட்ராங் வகை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பயனர் முகத்தைக் காட்டிக் காட்டி அலுத்துப்போவார். ஸ்ட்ராங்பாக்ஸ் இல்லாத போனில் அதைக் கேட்டால் பிழை வரும். அதைப் பிடித்து டிஇஇயில் சாவியை உருவாக்குங்கள்; அதுவே போதுமான பாதுகாப்பு.

ஐஓஎஸ்ஸில் செக்யூர் என்க்ளேவ் என்ற பாதுகாப்பு வன்பொருளுக்குள் பி-256 சாவி. அணுகல் கட்டுப்பாட்டில் "இப்போதைய பயோமெட்ரிக் தொகுப்பு" என்ற கொடி, கூடவே "பாஸ்கோடு வைத்திருக்கும்போது, இந்தச் சாதனத்தில் மட்டும்" என்ற வகை. பயனர் பாஸ்கோடை நீக்கினால் சாவியும் போய்விடும், போகத்தான் வேண்டும். ஐஓஎஸ்ஸில் ஆப்பை அழித்தாலும் கீசெயின் (ஐஓஎஸ்ஸின் ரகசியச் சேமிப்பு) பதிவுகள் அழியாமல் கிடக்கும். மறுபடி நிறுவியவுடன் பழைய பயனரின் சாவி தலைகாட்டும். முதல் ஓட்டமா என்று ஆப்போடு சேர்ந்து அழியும் சேமிப்பான யூசர் டிஃபால்ட்ஸில் ஒரு குறி வைத்து, குறி இல்லையென்றால் கீசெயினைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். முக அடையாளத்துக்கான பயன்பாட்டு விளக்க வரியை ஆப்பின் அமைப்புக் கோப்பான இன்ஃபோ பிலிஸ்ட்டில் சேர்க்க மறந்தால் ஆப் அங்கேயே விழும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. போனை விட்டு வெளியே வராத சாவி "கையில் இருப்பது". அதைத் திறக்கும் விரல் "உடலில் இருப்பது". இரண்டும் ஒரே கையொப்பத்தில் சேர்ந்தால் இரண்டு காரணிகள்தான். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட்டின் 800-63பி வழிகாட்டியும் பயோமெட்ரிக்கைத் தனியாக ஏற்காது, சாதனத்தோடு பிணைத்தே ஏற்கும். இன்று உங்களிடம் இருப்பதோ வெறும் டோக்கன். யார் கையில் கிடைத்தாலும் அவரே பயனர். கைரேகைத் திரை அதன்மேல் ஒட்டிய காகிதம் மாதிரிதான்.

---

பதில்: எண்கணக்கு

மூன்றாவது குறைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் தெளியும்.

ஆதென்டிகேட்டர் ஓடிபியை எடுத்துக்கொள்வோம். 30 விநாடிக்கு ஒரு எண். கடிகாரப் பிசகுக்காக முன்னும் பின்னும் ஒன்று அனுமதித்தால் எந்த நேரத்திலும் 3 எண்கள் செல்லுபடியாகும். ஒரு ஊகம் சரியாக விழும் வாய்ப்பு 10 லட்சத்தில் 3. பாதிக்குப் பாதி வாய்ப்பு வர ஏறக்குறைய 2,31,000 ஊகங்கள் வேண்டும். வரம்பே இல்லாத சர்வரில் விநாடிக்கு 100 ஊகம் போனால் அது 38 நிமிட வேலை.

உங்கள் வரம்பில் மணிக்கு 20 ஊகங்கள். அதே 2,31,000-க்கு 480 நாளுக்கு மேல் ஆகும். ஒரு கணக்கைப் பொறுத்தவரை இது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் தாக்குபவர் ஒரு கணக்கோடு நிற்பதில்லை. வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டு பட்டியலில் 10,000 கணக்குகள் உங்களிடம் பொருந்துகின்றன என்று வையுங்கள். மணிக்கு 2,00,000 ஊகங்கள். ஒவ்வொன்றும் 10 லட்சத்தில் 3 என்றால், மணிக்குச் சராசரி 0.6 கணக்கு, அதாவது ஒரு நாளைக்கு 14 கணக்குகள் திறக்கும். எந்தக் கணக்கிலும் உங்கள் பூட்டு மீறப்படவே இல்லை. தணிக்கையாளர் சொன்னது இதைத்தான்.

ஆகவே 15 நிமிடத்தில் தானாகத் திறக்கும் பூட்டு மட்டும் போதாது. தொடர்ந்து வரும் தவறுகளுக்குக் கணக்கு அளவில் ஒரு மொத்த எல்லை வேண்டும். நிஸ்ட் 100-ஐ உச்சமாக வைக்கிறது. நான் 20-க்கு மேல் விடமாட்டேன். எல்லையைத் தொட்டால் பாஸ்வேர்டு மாற்றம் கட்டாயம். இந்தத் திரைக்கு வந்தவர் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்துவிட்டே வந்திருக்கிறார், எனவே 20 தவறான ஓடிபி என்பது பாஸ்வேர்டு கசிந்ததற்கான நல்ல அறிகுறி. வேண்டுமென்றே பிறர் கணக்கைப் பூட்டி வைக்கும் தொல்லையும் குறைவு, பாஸ்வேர்டு தெரியாதவர் இங்கே வரவே முடியாது.

எஸ்எம்எஸ் ஓடிபியில் அடிக்கடி பார்க்கும் தவறு: முயற்சி எண்ணிக்கையை ஓடிபியோடு சேர்த்து வைத்திருப்பார்கள். "மறுபடி அனுப்பு" அழுத்தினால் எண்ணிக்கை 0-க்குப் போய்விடும். எண்ணிக்கை கணக்கோடுதான் ஒட்ட வேண்டும்.

ஆதென்டிகேட்டர் வழியைச் சேர்ப்பதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள். ஆதென்டிகேட்டரும் சர்வரும் பகிரும் ரகசியம் 20 பைட், பேஸ்32-இல் (32 குறிகளால் எழுதும் முறை) எழுதினால் 32 எழுத்து. ஷா-1 என்ற ஹாஷ் (தரவைத் திருப்ப முடியாத சுருக்கமாக்கும் கணக்கு), 6 இலக்கம், 30 விநாடி என்ற இயல்புகளை மாற்றாதீர்கள். ஷா-256 என்று கியூஆரில் எழுதினால் சில ஆதென்டிகேட்டர் ஆப்கள் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாமல் ஷா-1-லேயே எண் காட்டும். எண் ஒருபோதும் பொருந்தாது, காரணமும் யாருக்கும் தெரியாது. எச்மேக்குக்குள் ஷா-1 இருப்பதால் இங்கே பலவீனம் எதுவும் இல்லை. ஏற்றுக்கொண்ட கடைசி நேரப்படியின் எண்ணைச் சேமித்து, அதற்குச் சமமானதையும் முந்தையதையும் மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அதே எண்ணை மீண்டும் போடலாம். எண்ணை ஒருமுறை சரியாகக் கொடுத்த பிறகே இந்த வசதியை இயக்குங்கள், கியூஆரைக் காட்டியவுடன் அல்ல. ரகசியத்தை ஹாஷ் செய்து வைக்க முடியாது, ஏனென்றால் சர்வரும் அதே எண்ணைக் கணக்கிட வேண்டும். தனிச் சாவியால் மறையாக்கம் செய்து, அந்தச் சாவியைத் தரவுத்தளத்துக்கு வெளியே வையுங்கள்.

ஒரே போனில் இருந்தால் காரணியா? பாஸ்வேர்டு கசிவுக்கும் சிம் மாற்று மோசடிக்கும் எதிராக ஆம். போனுக்குள் அணுகல்தன்மை அனுமதியோடு உட்கார்ந்திருக்கும் தீநிரலுக்கு எதிராக இல்லை, அது இரண்டு திரைகளையும் படித்துவிடும். போலி லாகின் பக்கத்துக்கு எதிராகவும் இல்லை. பயனரே எண்ணைத் தட்டச்சு செய்து கொடுப்பார். நடுவில் இருப்பவர் 30 விநாடிக்குள் உங்கள் சர்வருக்குக் கடத்திவிடுவார்.

எஸ்எம்எஸ்ஸை உடனே தூக்கிவிட முடியாது என்றால், குறைந்தபட்சம் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டில் தன் ஆப்புக்கான ஓடிபிச் செய்தியை மட்டும் தரும் எஸ்எம்எஸ் ரெட்ரீவர் போதும்: செய்தி 140 பைட்டுக்குள், கடைசியில் ஆப்பின் 11 எழுத்து ஹாஷ், காத்திருக்கும் நேரம் 5 நிமிடம். அந்த ஹாஷ் கையொப்பச் சான்றிதழிலிருந்து வருவது. சோதனைப் பதிப்பில் வேலை செய்து, ஸ்டோரில் போட்டதும் நின்றுவிட்டால் காரணம் அதுதான். ஐபோனுக்குக் கடைசி வரியில் @ குறியும் டொமைன் பெயரும், ஒரு இடைவெளி, # குறியும் ஓடிபியும். அந்த டொமைனைத் தவிர வேறு இடத்தில் ஐபோன் தானாக நிரப்ப முன்வராது. செய்தியைத் தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறியீடுகள்தான் அடங்கும். "கி" ஒன்றுக்கே இரண்டு போய்விடும். சுருக்கமாக எழுதுங்கள்.

---

கயல்

இரண்டு பதிலுக்கும் மிக்க நன்றி. 10,000 கணக்கு உதாரணம் கண்ணைத் திறந்தது. எண்ணிக்கையை ஓடிபியோடு ஒட்டி வைத்த தவறும் எங்கள் குறிமுறையில் இருக்கிறது, இன்றே பார்த்தேன்.

அப்படியானால் போலிப் பக்கத்தைத் தடுப்பது எது? குழுவில் சிலர் புஷ் அறிவிப்பு வைத்து "ஆம், நான்தான்" என்று அழுத்தச் சொல்லலாம் என்கிறார்கள். சிலர் பாஸ்கீ என்கிறார்கள்.

---

பதில்: தளவேர்

வெறும் ஆம்/இல்லை புஷ் வேண்டாம். பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் நடுராத்திரியில் அறிவிப்பை அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் பயனர் தொல்லை தாங்காமல் "ஆம்" அழுத்திவிடுவார். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியது இந்த வழியில்தான். அதன்பின் மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டரில் எண் பொருத்தத்தை 2023 மே 8 முதல் கட்டாயமாக்கியது: லாகின் திரையில் காட்டும் இரண்டிலக்க எண்ணைப் போனில் தட்ட வேண்டும். புஷ் வைத்தால் அப்படி வையுங்கள், மணிக்கு இத்தனை அறிவிப்பு என்று வரம்பும் போடுங்கள். ஆனால் எண் பொருத்தமும் போலிப் பக்கத்தைத் தடுக்காது. நடுவில் இருப்பவர் உண்மையான எண்ணையே தன் பக்கத்தில் காட்டுவார்.

பாஸ்கீ தடுக்கும். இதில் பயனர் ஏமாந்தாலும் போன் ஏமாறாது. சாவி ஒரு டொமைனுக்கென்று உருவாக்கப்பட்டது. வேறு டொமைனில் அந்தச் சாவி பட்டியலிலேயே வராது. கையொப்பத்துக்குள் டொமைனின் ஹாஷும் இருக்கும். தட்டச்சு செய்து கொடுக்க எண் எதுவும் இல்லாததால் கடத்தவும் எதுவும் இல்லை.

உங்களுக்கு ஆண்ட்ராய்டு 9-உம் அதற்கு மேலும், ஐஓஎஸ் 16-உம் அதற்கு மேலும் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆதென்டிகேட்டர் ஓடிபி.

நடைமுறையில் முதல் இரண்டு நாளும், ஆப்பும் டொமைனும் ஒருவருக்கே சொந்தம் என்று காட்டும் டொமைன் பிணைப்பில்தான் போகும். ஆண்ட்ராய்டுக்கு டொமைனின் வெல்-நோன் அடைவில் அசெட்லிங்க்ஸ் ஜேசன் கோப்பு. அதில் ஆப்பின் பெயர், கையொப்பச் சான்றிதழின் ஷா-256 கைநாட்டு (அடையாள ஹாஷ்), லாகின் சான்றுகளைப் பகிரும் அனுமதி. இங்கே பெரும்பாலோர் தங்கள் கணினியில் இருக்கும் பதிவேற்றச் சாவியின் கைநாட்டைப் போடுவார்கள். பிளே ஸ்டோர் வேறு சாவியால் மறுபடி கையொப்பமிட்டுத்தான் பயனருக்குத் தருகிறது. பிளே கன்சோலில் ஆப் கையொப்பப் பகுதியில் இருக்கும் கைநாட்டும் கோப்பில் வேண்டும். சர்வரிலும் அதே சிக்கல் வரும்: ஆண்ட்ராய்டு ஆப்பிலிருந்து வரும் மூலம் (வேண்டுகோள் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு) வலைமுகவரியாக இருக்காது. அது "ஆண்ட்ராய்டு, ஏபிகே சாவி ஹாஷ்" என்ற வடிவில் வரும். அனுமதிப் பட்டியலில் அதைச் சேர்க்காவிட்டால் எல்லாப் பதிவும் மூலம் பொருந்தவில்லை என்று விழும். இதற்காக மூலச் சோதனையையே அணைத்துவிட்டு அனுப்பிய குறிமுறைகள் நிறைய. அணைத்தால் பாஸ்கீயின் பயனில் பாதி போயிற்று.

ஐஓஎஸ்ஸில் ஆப்பிள்-ஆப்-சைட்-அசோசியேஷன் கோப்பில் வெப் கிரெடென்ஷியல்ஸ் பகுதி. ஐஓஎஸ் 14-இலிருந்து போன் அந்தக் கோப்பை உங்கள் சர்வரிலிருந்து நேரே எடுப்பதில்லை, ஆப்பிளின் இடைச்சேமிப்பிலிருந்து எடுக்கிறது. இப்போது மாற்றிவிட்டு இப்போதே சோதித்தால் பழையதுதான் தெரியும். உருவாக்கத்தின்போது டெவலப்பர் பயன்முறைக் குறிப்பைச் சேர்த்தால் நேரே எடுக்கும்.

டொமைனை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். லாகின் என்ற துணை டொமைனுக்குச் சாவியைப் பிணைத்துவிட்டுப் பிறகு முதன்மை டொமைனுக்கு மாற முடியாது. எல்லாப் பயனரும் மறுபதிவு செய்ய வேண்டிவரும். தொடக்கத்திலேயே முதன்மை டொமைனைப் போடுங்கள். பயனர் அடையாள எண் 64 பைட்டுக்குள் சீரற்றதாக இருக்கட்டும். மின்னஞ்சலை அங்கே போடாதீர்கள். அதே போனில் இரண்டாவது பாஸ்கீ உருவாகாமலிருக்க விலக்குப் பட்டியலை அனுப்புங்கள்.

பயனர் சரிபார்ப்பு "கட்டாயம்" என்று கேட்பது பாதி வேலை. திரும்பி வரும் தரவில் பயனர் சரிபார்ப்புக் கொடி 1 ஆக இருக்கிறதா என்று சர்வரும் பார்க்க வேண்டும். "விருப்பம்" என்று விட்டால் திரைப்பூட்டு இல்லாமலே கையொப்பம் வரக்கூடும். அப்போது அது ஒரே காரணி. கையொப்ப எண்ணிக்கை ஏறாமல் எப்போதும் 0 ஆகவே வந்தால் பயப்பட வேண்டாம், ஒத்திசைக்கப்படும் பாஸ்கீகள் அப்படித்தான்.

அந்த ஒத்திசைவுதான் உங்களைப் போன்ற ஆப் யோசிக்க வேண்டிய இடம். பாஸ்கீ கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ பயனரின் எல்லாச் சாதனங்களுக்கும் போகும். லாகினுக்கு இது வரம், புதுப் போன் வாங்கியவர் சிரமமில்லாமல் உள்ளே வருவார். பணம் அனுப்ப அது போதாது என்பது என் கருத்து. லாகினுக்கு பாஸ்கீ, பரிமாற்றத்துக்கு மறைசாவி சொன்ன, போனை விட்டு வெளியேறாத சாவி. புதுப் போனில் பாஸ்கீயால் உள்ளே வந்தால் இருப்பைப் பார்க்கலாம். பணம் அனுப்ப அந்தப் போனின் சாவியைப் பதிவு செய்தாக வேண்டும்.

லாகினைத் தனி வலைப்பக்கத்தில் நடத்துகிறீர்கள் என்றால் ஆப்புக்குள் பதித்த வெப்வியூவில் வேண்டாம். இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8252 சொல்வதுபோல் போனின் உலாவித் தாவலில் திறவுங்கள், பிகேசிஇயோடு (லாகின் குறியீடு வழியில் திருடுபோனாலும் பயன்படாமல் செய்யும் முறை).

---

பதில்: கரைசேர்

இவ்வளவும் கட்டிவிட்டு "போன் தொலைந்துவிட்டது" என்ற இணைப்பில் எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றை மட்டும் கேட்டால், உங்கள் மொத்த அமைப்பின் பலமும் அந்த எஸ்எம்எஸ்ஸின் பலம்தான். தாக்குபவர் முன்வாசலில் பாஸ்கீயோடு மல்லுக்கு நிற்க மாட்டார். சிம்மைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு மீட்பு வழியில் வருவார்.

மீட்பை லாகினுக்குச் சமமான கனத்தோடு வடிவமைக்க வேண்டும். பதிவின்போதே இரண்டு வழிகளைக் கேளுங்கள்: பாஸ்கீயோடு ஆதென்டிகேட்டர் ஓடிபி, அல்லது பாஸ்கீயோடு மீட்புக் குறியீடுகள். குறியீடுகள் 10 கொடுங்கள். ஒவ்வொன்றும் பேஸ்32-இல் 10 எழுத்து, அதாவது 50 பிட். உப்பு (சீரற்ற கூடுதல் தரவு) சேர்த்து ஹாஷ் செய்து சேமியுங்கள். ஒன்றைப் பயன்படுத்தியதும் அதை அழித்துவிட்டு, மீதி எத்தனை என்று காட்டுங்கள். திரையில் ஒருமுறைதான் தெரிய வேண்டும். திரைப்பிடிப்பு எடுத்துப் போனிலேயே வைத்தால் போன் தொலையும்போது அதுவும் போகும் என்று அதே திரையில் எழுதுங்கள்.

எதுவும் கையில் இல்லாதவருக்கு அடையாளச் சரிபார்ப்போடு கட்டாயக் காத்திருப்பு: 24 முதல் 72 மணி நேரம். கோரிக்கை வந்த நொடியில் பதிவான எல்லாத் தொடர்புகளுக்கும் செய்தி போக வேண்டும். அதில் "இது நானல்ல, நிறுத்து" என்ற இணைப்பு வேண்டும். மீண்டு வந்த கணக்கில் முதல் சில நாள் தொகை உச்சவரம்பைக் குறையுங்கள். உதவி மைய ஊழியர் பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு இரண்டாம் காரணியை அணைக்கும் பொத்தான் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அவர் செய்யக்கூடியது காத்திருப்பைத் தொடங்கி வைப்பது மட்டும். தொலைபேசி எண், மின்னஞ்சல் மாற்றமும் மீட்புக்குச் சமம். அங்கேயும் போனை விட்டு வெளியேறாத சாவியின், அதாவது போன்சாவியின், கையொப்பம் கேளுங்கள்.

அடுத்தது உங்கள் 90 நாள் டோக்கன். ஆர்எஃப்சி 9700, மொபைல் ஆப் போன்ற பொதுக் கிளையன்ட்களின் ரெஃப்ரெஷ் டோக்கன் ஒன்று அனுப்புபவரோடு பிணைந்திருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் மாற வேண்டும் என்கிறது. பிணைப்புக்கு டிபாப், ஆர்எஃப்சி 9449: ஒவ்வொரு வேண்டுகோளோடும் போன் தன் சாவியால் சிறு சான்று ஒன்றைக் கையொப்பமிட்டு அனுப்பும், டோக்கன் மட்டும் திருடுபோனால் பயனில்லை. இந்தச் சாவிக்கு விரல் கேட்காதீர்கள். பின்னணியில் ஓட வேண்டியது. பரிமாற்றச் சாவி வேறு, இது வேறு.

சுழற்சி முறையைத் தேர்ந்தால் ஒரு குழி இருக்கிறது. சர்வர் புதிய டோக்கனை அனுப்பிவிட்டது. போன் லிஃப்டுக்குள் போனதால் பதில் வந்து சேரவில்லை. ஆப் பழையதை மறுபடி அனுப்பும். சர்வர் அதைத் திருட்டு என்று கொண்டு அதே லாகினிலிருந்து பிறந்த டோக்கன் அனைத்தையும் ரத்து செய்யும். பயனர் காரணமில்லாமல் வெளியே தள்ளப்படுவார். பழைய டோக்கனுக்கு 30 விநாடி சலுகை கொடுத்து அதே புதிய டோக்கனையே திருப்பிக் கொடுங்கள். ஆப்பிலும் ஒரே நேரத்தில் ஒரு புதுப்பிப்புதான் ஓட வேண்டும். இரண்டு நூலிழைகள் (ஆப்புக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒன்றாகப் புதுப்பித்தால் இதே விபத்து சிக்னல் நன்றாக இருக்கும்போதே நடக்கும்.

---

கயல்

லாகினுக்கு பாஸ்கீ, பழைய போனுக்கு ஆதென்டிகேட்டர், பரிமாற்றத்துக்குப் போன்சாவி என்று பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். முயற்சி வரம்பை இந்த வாரமே திருத்துகிறோம், எஸ்எம்எஸ்ஸை மீட்பிலிருந்து முதலில் எடுக்கிறோம்.

கடைசியாக ஒன்று. டோக்கனைக் கீஸ்டோர் சாவியால் மறையாக்கம் செய்து வைத்துப் பார்த்தோம். சோதனையில் புதிய ஆண்ட்ராய்டு போனுக்குத் தரவை மாற்றியபின் ஆப் திறந்தவுடனே விழுகிறது. ஐபோனில் இல்லை.

---

பதில்: மறைசாவி

மறையாக்கம் செய்த கோப்பு காப்புநகல் வழியாகப் புதுப் போனுக்குப் போய்விட்டது, அதைத் திறக்கும் கீஸ்டோர் சாவி பழைய போனிலேயே நிற்கிறது. சாவி ஒருபோதும் வராது, வரவும் கூடாது. ஐபோனில் "இந்தச் சாதனத்தில் மட்டும்" என்று வைத்திருப்பதால் பதிவு சேர்ந்து போகவில்லை. ஆப் அதைப் புது நிறுவலாகப் பார்க்கிறது.

திருத்தம் இரண்டு இடத்தில். ஆண்ட்ராய்டு 12-இலும் அதற்கு மேலும் தரவு எடுப்பு விதிக் கோப்பில் அந்தச் சேமிப்புக் கோப்பை விலக்குங்கள். அதில் கிளவுட் காப்புநகலுக்கு ஒரு பகுதி, போனிலிருந்து போனுக்கு மாற்றுவதற்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக உண்டு, இரண்டிலும் எழுத வேண்டும். நீங்கள் சோதித்தது இரண்டாவது வழி. ஆண்ட்ராய்டு 11-உம் கீழும் பழைய முழுக் காப்புநகல் விதிக் கோப்பு. அடுத்து, மறைநீக்கம் தோற்றால் பிழையைப் பிடித்துக் கோப்பை அழித்து, பயனரை லாகின் திரைக்கு அனுப்புங்கள். விதிக் கோப்பு சேர்ப்பதற்கு முன் காப்புநகலில் ஏறிப்போன பழைய கோப்புகள் இன்னும் பல மாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.